ஸ்டார்ட் ஆகிட்டா போதுமா? தாத்தாவின் பழைய காரை வீட்டு ஷெட்டிலேயே மீட்பது எப்படி?

கடந்த பொங்கல் லீவில் ஒரு மதியம். திருச்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகர ஷெட்டில், 1994-லிருந்து நகராமல் நின்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை ஸ்டார்ட் ஆகிவிட்டது! ஷெட் முழுக்க நீலமும் வெள்ளையுமாகப் புகை. அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். பாட்டி திண்ணையில் உட்கார்ந்தபடியே, "சத்தம் கேட்டதும் உங்க தாத்தா ஆபீஸ் கெளம்புறார்னு நெனச்சுட்டேன்" என்றார்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "ஏறும்மா, கோயில் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடுவோம்" என்றார். நானும் கதவைத் திறந்துவிட்டேன்.

முன்பக்க இடது சக்கரத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, எதையோ விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார் பாய். எழுபது வயதைத் தாண்டியவர். ஹெரால்டு கார்கள் ஊருக்குள் சாதாரணமாக ஓடிய காலத்திலிருந்து ஸ்பேனர் பிடித்தவர்.

"தம்பி, எஞ்சினை ஆஃப் பண்ணுங்க. இதுல என்ன ஊத்துனீங்க?"

"கிரீஸ் அடிச்சேன் பாய். நிப்பிள் இருந்துச்சே?"

"கிரீஸா... சரி, இறங்குங்க. இன்னைக்கு எங்கயும் போக வேணாம்."

அன்றைக்குப் போகவில்லை. இந்தக் கட்டுரையை எழுதும் இன்று வரை அந்த கார் தெருவைப் பார்க்கவில்லை. யூடியூபில் பழைய கார் மீட்கும் வீடியோக்கள் எல்லாம் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் இடத்தில் பின்னணி இசையோடு முடிந்துவிடும். உண்மையில் வேலை அங்கேதான் பாதி தாண்டுகிறது. உங்கள் வீட்டிலும் தாத்தாவோ மாமாவோ விட்டுச்சென்ற ஒரு கார் தார்ப்பாய்க்குள் நின்றால், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஹெரால்டு: நம்ம ஊர்க் கார்

பழைய கார் என்றால் இங்கே எல்லோருக்கும் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும்தான் ஞாபகம் வரும். ஹெரால்டு சென்னையில் தயாரான கார் என்பது என் வயதுக்காரர்கள் பலருக்குத் தெரியாது. ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம், வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூர் ஆலையில் இதை உருவாக்கியது. பிரிட்டனில் 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார், இங்கே 1961-ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. எஞ்சின் 948 சிசி. பிரிட்டனில் இரண்டு கதவுகளோடு வந்த அந்த காருக்கு நான்கு கதவு வைத்து மார்க் 3 என்று விற்றது சென்னை நிறுவனம் மட்டும்தான். எங்கள் ஷெட்டில் நிற்பது அந்த மார்க் 3. 1969 மாடல்.

நிறுவனம் 1980-களின் இறுதியில் முடங்கிப்போனது. கடைசியாக அவர்கள் விட்ட ஸ்டாண்டர்டு 2000 பார்வைக்கு ரோவர் மாதிரி ராஜ தோரணையில் இருக்கும். பானெட்டுக்குள் பார்த்தால் 1940-களின் வேன்கார்டு காலத்து எஞ்சின். அந்தக் கதை தனிக் கட்டுரைக்கு ஆகும்!

வீட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு ஹெரால்டு ஒரு வரம் என்றே சொல்வேன். அம்பாசிடரிலும் பத்மினியிலும் பாடியே காரின் எலும்புக்கூடு. தரையிலும் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதியிலும் துரு ஏறினால் காரின் பலமே போய்விடும். ஹெரால்டில் அப்படி இல்லை. கீழே தனியாக ஒரு இரும்பு சேஸிஸ், அதன் மேல் பல துண்டுகளாக போல்ட் போட்டு மாட்டிய பாடி.

இதற்குப் பின்னால் ஒரு தொழில் சண்டை இருக்கிறது. 1950-களில், ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்துவந்த கம்பெனியைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை அச்சடித்துத் தர ஆள் இல்லாமல், சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்து சேர்க்கும் முறைக்குப் போனார்கள். உதிரிகளாகக் கப்பலில் வாங்கி இங்கே பூட்டுவதற்கும் அது வசதியாகிவிட்டது. அறுபது வருஷம் கழித்து, ஒரு ரிட்டயர்டு அப்பாவும் ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத மகளும் அதே போல்ட்களைக் கழட்டுவதற்கும்தான்.

இன்னொரு வசதி பானெட். முன்பக்க மட்காடு, விளக்கு எல்லாம் சேர்ந்து அப்படியே முன்னால் கவிழும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். முதுகு வலியில் பாதி மிச்சம்.

ஸ்பேனருக்கு முன் ஆர்.சி. புத்தகம்

நாங்கள் செய்த முதல் தப்பு, காகிதத்தைக் கடைசியில் பார்த்தது. பூட்டை உடைத்து, தார்ப்பாயை விலக்கி, டயருக்குக் காற்று அடித்து, இரண்டு மாதம் வேலையும் பார்த்த பிறகுதான் 'ஆர்.சி. எங்கே?' என்று தேடினோம். கிடைத்தது. தாத்தா பெயரில் இருந்தது. அவர் 1998-ல் தவறிவிட்டார். அதன்பிறகு யாரும் பெயர் மாற்றவில்லை, புதுப்பிக்கவும் இல்லை.

தனிநபர் காருக்குப் பதிவு 15 வருஷம் செல்லும். அப்புறம் ஐந்தைந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கணும். அதற்கு படிவம் 31. புதுப்பிக்க படிவம் 25. 2022 ஏப்ரலிலிருந்து 15 வருஷம் தாண்டிய காரைப் புதுப்பிக்கக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிக்கை, 20 வருஷம் தாண்டிய காருக்கு அதை 10,000 ஆக்கியது. தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல்.

பணத்தைவிடப் பெரிய தலைவலி பதிவேடு. கையால் எழுதிய காலத்துப் பதிவுகள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். 'எம்.எஸ்.' என்று தொடங்கும் பழைய நம்பர் வாகன் இணையதளத்தில் வருகிறதா என்று முதல் நாளே பாருங்கள். அடுத்து, சேஸிஸில் அடித்திருக்கும் எண்ணைத் துடைத்து, ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, போட்டோ எடுத்து வையுங்கள். துரு பிடித்த இடத்தை வெட்டி ஒட்டும்போது அந்த எண் இருக்கும் தகடும் சேர்ந்து போய்விட்டால், காரே இல்லாத மாதிரிதான்.

50 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2021 ஜூலையிலிருந்து இன்னொரு வழியும் இருக்கிறது. 'வின்டேஜ்' பதிவு. மாநில எழுத்துகளுக்குப் பின் 'வி.ஏ.' என்று வரும் தனி வரிசை. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வி.ஏ. பதிவு வாங்கிய காரை தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஒரு வாரம் இதுதான் சண்டை. நான் வின்டேஜ் பதிவே கௌரவம் என்றேன். அப்பா, "பாட்டியை மலைக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறதுக்குத்தான் இதைச் செய்யறேன். கண்காட்சியில வைக்கவா?" என்றார். அவர் கேட்டது நியாயம். சாதாரணப் புதுப்பித்தல் வழியிலேயே போவது என்று முடிவானது. உங்கள் காரை எதற்காக மீட்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு பண்ணிவிட்டால் இந்தச் சண்டை மிச்சம்.

ஷெட் எப்படி இருக்கணும்?

பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கார் நின்று, நான்கு பக்கமும் ஆள் குனிந்து நகர இடம் போதும். தரை மட்டும் சிமென்ட் தரையாக இருக்கணும். மண் தரையில் ஜாக் இறங்கிவிடும். வேறு வழியில்லை என்றால் கனமான பலகையோ இரும்புத் தகடோ போட்டு அதன் மேல் ஜாக் வையுங்கள்.

ஜாக் காரைத் தூக்குவதற்கு மட்டும். தூக்கிய காரைத் தாங்க ஜாக் ஸ்டாண்ட் வேணும். வெறும் ஜாக்கை நம்பி யாரும் காருக்கு அடியில் போகவே கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கி முட்டுக்கொடுப்பதும் ஆபத்து, திடீரென்று நொறுங்கும். எங்கள் வீட்டில் முதலில் வாங்கிய சாமான் இந்த ஸ்டாண்டுகள்தான். அம்மா போட்ட கண்டிஷன் அது. அவை வரும் வரை அப்பாவை ஷெட்டுக்குள்ளேயே விடவில்லை.

தார்ப்பாயைத் தூக்கிப் போடுங்கள். பாதுகாப்பு என்று நினைத்து நாங்கள் முப்பது வருஷம் போர்த்தி வைத்த அந்த பிளாஸ்டிக் தார்ப்பாய்தான் காரின் பெரிய எதிரியாக இருந்திருக்கிறது. தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக முடியாமல் உள்ளேயே வியர்த்து, கூரையின் ஓரமெல்லாம் அரித்துவிட்டது. காற்றுப் புகும் பருத்தித் துணி போதும்.

டூல்ஸ் விஷயத்தில் ஒரு ரகசியம். இந்த கார் இன்ச் கணக்கில் செய்தது. இன்றைய ஸ்பேனர் செட் எல்லாம் மில்லிமீட்டர். அரை இன்ச் என்பது 12.7 மி.மீ. அதில் 13-ம் நம்பர் ஸ்பேனர் போட்டால் பொருந்துவது மாதிரியே இருக்கும். துருப்பிடித்த போல்ட்டில் அழுத்தித் திருப்பினால் வழுக்கி, தலையின் முனைகளை மழித்துவிடும். அப்படி நான் கெடுத்த போல்ட் மொத்தம் ஆறு. ஏழாவதற்கு முன் பாய் தன் பழைய இன்ச் ஸ்பேனர்களைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். 7/16, 1/2, 9/16 மூன்றும் இருந்தால் பாதி காரைக் கழட்டிவிடலாம்.

கழட்டுவது சுலபம்

வீட்டு ரெஸ்டோரேஷன்கள் எங்கே சாகின்றன தெரியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் எல்லாவற்றையும் கழட்டிப் போட்ட மறுநாள். ஒரு வருஷம் கழித்து அது கார் இல்லை, முப்பது அட்டைப்பெட்டி. பிறகு யாராவது கிலோ கணக்கில் எடைக்குப் போடுவார்கள்.

அதனால் ஒரு நேரத்தில் ஒரு பகுதி. முன் சஸ்பென்ஷனைக் கழட்டினால், அது திரும்ப மாட்டப்படும் வரை பின்பக்கம் கை வைக்கக் கூடாது. கழட்டும் முன் போனில் போட்டோ, கழட்டிய பின் போட்டோ. போல்ட்டை அதே ஓட்டையில் கையாலேயே இரண்டு சுற்று மாட்டி வையுங்கள். முடியாதவற்றுக்கு ஜிப் கவர், அதில் பேனாவால் பெயர். அம்மாவின் மளிகைக் கவர்களில் நான் எழுதிய 'இடது கதவு மேல் கீல்' என்ற எழுத்து இப்போதும் அடுப்படியில் கிடக்கிறது.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பாடியை சேஸிஸிலிருந்து முழுசாகத் தூக்குவதாக இருந்தால், கதவு இருக்கும் இடைவெளியில் குறுக்கே இரும்புச் சட்டம் வெல்டு வைத்துவிட்டுத் தூக்குங்கள். சேஸிஸ் தாங்கிப் பழகிய பாடி அது. தனியாகத் தூக்கினால் நடுவில் வளைந்துகொள்ளும். அப்புறம் கதவு எந்த ஜென்மத்திலும் சரியாக மூடாது. நாங்கள் தூக்கவில்லை. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் பாடியைத் தாங்க நீளும் கைகளில் இரண்டு மட்டும் அரித்திருந்தன. பாடி மேலேயே இருக்க, டிங்கர் அண்ணன் அதை வெட்டிப் புதுத் தகடு வைத்தார். பெட்ரோல் டேங்கைக் கழட்டி, ஷெட்டுக்கு வெளியே தெருப்பக்கம் கொண்டுபோய் வைத்த பிறகுதான் வெல்டிங் மெஷினை ஆன் பண்ணினார். காலி டேங்க் என்று அலட்சியம் வேண்டாம். உள்ளே தங்கிய ஆவிதான் தீப்பிடிக்கும்.

சின்ன உதிரிகளின் துருவை வீட்டிலேயே எடுக்கலாம். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், வாஷிங் சோடா, பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகத்தில் நெகட்டிவ், வேண்டாத சாதா இரும்புத் துண்டில் பாசிட்டிவ். ராத்திரி விட்டால் காலையில் துரு கறுத்துக் கழன்றிருக்கும். இரும்புத் துண்டுக்குப் பதில் எவர்சில்வர் ஸ்பூனைப் போட்டுவிடாதீர்கள், விஷமான குரோமியம் தண்ணீரில் கரையும். இதில் ஹைட்ரஜன் வாயுவும் வரும். காற்றோட்டமான இடம் வேணும், பக்கத்தில் தீக்குச்சி கூடாது.

எஞ்சின்: பொறுமைக்குப் பரீட்சை

நின்றுபோன காரில் பேட்டரி மாட்டி சாவியைத் திருப்புவதுதான் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை. அதை அடக்குங்கள். சிலிண்டருக்குள் பிஸ்டன் ரிங் துருவோடு ஒட்டியிருக்கும். அதை ஸ்டார்ட்டர் மோட்டார் இழுத்தால் ரிங் உடையும், சிலிண்டரில் கீறல் விழும்.

நாங்கள் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி, பத்து நாள் விட்டோம். பிறகு முன்பக்க கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் வைத்துக் கையால் மெதுவாக அசைத்தோம். நாலாவது நாள் ஒரு இன்ச் நகர்ந்தது. அந்த ஒரு இன்ச்சுக்கு அப்பா எல்லோருக்கும் பால்கோவா வாங்கி வந்தார். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் சுற்றிய பிறகு பழைய ஆயிலை இறக்கி, புது ஆயில், புது ஃபில்டர்.

பேட்டரி மாட்டும் முன் இன்னொன்று. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகும். இன்றைய பழக்கத்தில் நெகட்டிவை பாடிக்குக் கொடுத்தால் எல்லாம் தலைகீழ். நடுவில் யாராவது மாற்றியும் வைத்திருப்பார்கள். பார்த்துவிட்டு மாட்டுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடவும் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பொங்கல் அன்று நாங்கள் செய்தது இந்தத் தப்பும் சேர்த்துத்தான். கதவு பாதிதான் திறந்திருந்தது.

பெட்ரோலும் மாறிவிட்டது. தாத்தா போட்டது ஈயம் கலந்த பெட்ரோல். அது 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க நின்றுபோனது. பழைய எஞ்சின்களில் வால்வு உட்காரும் இடம் தேயாமல் அந்த ஈயம்தான் காப்பாற்றியது. நீண்ட தூரம் ஓட்டுவதாக இருந்தால், எஞ்சின் ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பி, கடினமான வால்வு சீட் வைத்துக்கொள்வது நல்லது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது பழைய ரப்பர் குழாயை ஊறவைத்து, பிசுபிசுப்பாக்கி, விரிசல் விட வைக்கும். காற்றிலிருந்து தண்ணீரையும் இழுக்கும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பரையும் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிட்டோம். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்னாகும் என்று சொல்லவே வேண்டாம். ஷெட் வாசலில் ஒரு தீயணைப்பு சிலிண்டர் தொங்குகிறது.

அந்தச் சக்கரத்தில் என்ன இருந்தது?

இப்போது பாய் எஞ்சினை ஆஃப் பண்ணச் சொன்ன இடத்துக்கு வருகிறேன்.

ஹெரால்டின் முன் சக்கரம் ஒரு செங்குத்தான இரும்புத் தண்டில் நிற்கிறது. வெர்ட்டிகல் லிங்க் என்பார்கள். அதன் அடிமுனையில் ஸ்க்ரூ மாதிரி மரை. அந்த மரை, ட்ரன்னியன் என்ற பித்தளை நிறப் பாகத்துக்குள் போய் உட்காரும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் ட்ரன்னியனுக்குள் சுற்றுகிறது. அந்த மூலையில் காரின் எடையும் அதன் மேல்தான்.

அதற்கு உயவாகப் போட வேண்டியது 90 கிரேடு கியர் ஆயில். கிரீஸ் இல்லை. ஆனால் கிரீஸ் நிப்பிள் மாட்ட இடம் இருப்பதால், பார்ப்பவர்கள் எல்லோரும் கிரீஸ் கன்னை எடுத்துவிடுவார்கள். அப்பாவும் எடுத்தார். அவருக்கு முன் யார் யார் எடுத்தார்களோ. கிரீஸ் மேலேயே அடைத்துக் காய்ந்துபோகும். கீழ் மரை வரை இறங்காது. அங்கே தண்ணீர் தங்கி, துரு தின்று, ஒருநாள் தண்டு முறியும். முறிந்தால் சக்கரம் காருக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். பெரும்பாலும் மெதுவாக ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போது நடக்குமாம். வேகமாகப் போகும்போது நடந்தால்?

பாய் அன்றைக்கே இரண்டு பக்கமும் கழட்டச் சொன்னார். வலது பக்கம் பரவாயில்லை. இடது பக்கத் தண்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். துணியால் சுத்தமாகத் துடைத்தார். என்னிடம் சாக்பீஸ் கேட்டு வாங்கி, பொடித்து மரை மேல் தடவிவிட்டு, டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது வெள்ளைப் பொடி மேல் முடி மாதிரி ஒரு ஈரக்கோடு. விரிசலுக்குள் போயிருந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பட்டறைகளில் பார்க்கும் பழைய முறை இது. கால்வாசித் தண்டைச் சுற்றி ஓடியது அந்தக் கோடு.

அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. கோயிலுக்குப் போகும் வழியில் ரயில்வே மேம்பாலம் ஒன்று இருக்கிறது.

பிரேக் கதையும் இதற்குக் குறைந்ததில்லை. மிதித்தால் பெடல் கெட்டியாக இருந்தது, நாங்களும் நம்பிவிட்டோம். டிரம்மைக் கழட்டிப் பார்த்தால் நான்கில் மூன்று வீல் சிலிண்டர் துருவில் இறுகிப்போயிருந்தது. ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருந்தும் உள்ளே உப்பி அடைத்திருந்தது. பெடல் கெட்டியாக இருந்ததே அதனால்தான்! அந்தக் கால பிரேக்கில் ஒரே ஒரு ஆயில் சுற்றுதான். எங்கேயாவது ஒரு இடத்தில் ஒழுகினால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மிச்சம் ஹேண்ட்பிரேக் மட்டும். ஆகவே மாஸ்டர் சிலிண்டர் ரப்பர், வீல் சிலிண்டர், ஹோஸ், இரும்புக் குழாய் என மொத்தமும் புதுசு. டிரம்முக்குள் இருக்கும் பழைய தூசியை வாயாலோ கம்ப்ரஸராலோ ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள்.

உதிரிகள் எங்கே?

சென்னை புதுப்பேட்டைக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை நான் மட்டும் போய் வெறுங்கையோடு திரும்பினேன். இரண்டாவது முறை கழட்டிய பழைய பாகத்தையே பையில் போட்டுக் கொண்டுபோனேன். கதவுக் கைப்பிடியும் ஒரு டெயில் லேம்ப் கண்ணாடியும் கிடைத்தன. கடைக்காரர்களிடம் பெயர் சொன்னால் ஆகாது, பொருளைக் காட்டணும்.

ட்ரன்னியனும் வெர்ட்டிகல் லிங்கும் பிரிட்டனிலிருந்து வந்தன. ஹெரால்டு சேஸிஸைச் சுருக்கித்தான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அதற்கு அங்கே இன்றும் ரசிகர்கள் அதிகம், முன் சஸ்பென்ஷன் பாகங்கள் இன்னும் புதுசாகவே கிடைக்கின்றன. லண்டனில் வேலை பார்க்கும் காலேஜ் தோழி லீவுக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். ஏர்போர்ட்டில் அது என்ன என்று விளக்க அவள் பட்ட பாடு தனி.

ஆனால் பின் கதவுக்கு பிரிட்டன் உதவாது. நான்கு கதவு ஹெரால்டு இங்கே மட்டும்தான் இருந்தது. அங்கே அந்தத் தகடு பிறக்கவே இல்லை. டிங்கர் அண்ணன் நல்ல பக்கத்துக் கதவை அட்டையில் அளவெடுத்து, தலைகீழாக்கி, சுத்தியலால் தட்டித் தட்டி உருவாக்கினார். பட்டி பூசி மறைக்கிற வேலை இல்லை அது.

செலவு? பில்களை அப்பா ஒரு நோட்டில் ஒட்டி வைக்கிறார். கூட்டிப் பார்க்கக் கூடாது என்பது வீட்டில் போட்டிருக்கும் விதி. முடித்த பிறகு விற்றால் போட்ட பணம் வருமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வராது என்று நினைத்தே ஆரம்பியுங்கள். லாபம் வேணும் என்றால் இந்த வேலையே வேண்டாம்.

இப்போது எங்கே நிற்கிறது?

புது லிங்க் மாட்டியாச்சு. பிரேக் முடிந்தது. பானெட் சாம்பல் நிற ப்ரைமரில் இருக்கிறது. பெயிண்ட் கடைசியில்தான். முதலிலேயே பெயிண்ட் அடித்திருந்தால், பிரேக் ஆயில் சிந்திய இடமெல்லாம் உரிந்திருக்கும். ஷெட்டை விட்டு வெளியே வந்து, காம்பவுண்டுக்குள் கேட் வரை போய்த் திரும்பியிருக்கிறது. கேட்டுக்கு அந்தப் பக்கம் போக ஆர்.சி.யும் இன்ஷூரன்ஸும் வேணும்.

ஞாயிற்றுக்கிழமை பாய் வரும்போது கேட்கும் முதல் கேள்வி, "ஆயில் விட்டீங்களா தம்பி?" அப்பா பதில் சொல்லாமல் கியர் ஆயில் கேனைத் தூக்கிக் காட்டுவார்.

அடுத்த மாதம் ஆய்வுக்குக் கொண்டுபோகணும். பதிவு இல்லாத காரை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போக முடியாது என்பதால், ஏற்றிச் செல்ல ஒரு வண்டி பேசியிருக்கிறோம். பாட்டிக்குத்தான் இது புரியவே இல்லை.

"ஓடுற காரை எதுக்குடா லாரியில ஏத்துற?"